பாலிசி ரவுட்டிங்கும் மற்ற ரூட்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு இன்டர்நெட் லைன் வாங்கிய அலுவலகங்களில் இருந்து ஒரே மாதிரியான சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. "இந்தப் பிரிவு இந்த லைனில் போகட்டும்" என்று ஒரு விதி எழுதுவதில் பெரிய சிரமம் இல்லை. அந்த விதிக்கும் ரவுட்டரில் ஏற்கெனவே இருக்கிற ரூட்களுக்கும் (எந்த முகவரிக்கு எந்த வழி என்ற பதிவுகள்; அவற்றின் பட்டியல்தான் ரவுட்டிங் டேபிள்) என்ன உறவு என்பதில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். கேள்விகளை அவரவர் கேட்ட வாக்கிலேயே கீழே தொகுத்திருக்கிறேன்.

எல்லாப் பதில்களுக்கும் ஒரே அமைப்புதான். கணக்குப் பிரிவு 192.168.10.0/24, பயிற்சி அறை 192.168.20.0/24, சர்வர்கள் 192.168.30.0/24 (/24 என்றால் முதல் மூன்று எண்கள் பொதுவாக உள்ள முகவரித் தொகுதி). மூன்றும் ஒரே ரவுட்டரில் இருக்கின்றன. முதல் லைன் லீஸ்டு லைன், அதன் கேட்வே (அந்த லைனின் வாசல்) 203.0.113.1, டீஃபால்ட் ரூட் (வேறு குறிப்பான ரூட் இல்லாதபோது போகும் வழி) அதை நோக்கியே இருக்கிறது. இரண்டாவது லைன் பிராட்பேண்ட், கேட்வே 198.51.100.1. பயிற்சி அறை மட்டும் பிராட்பேண்டில் போக வேண்டும். இந்த வெளி முகவரிகள் எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கப்பட்டவை; உங்கள் ரவுட்டரில் அப்படியே போட்டுவிடாதீர்கள்.

பாலிசி ரவுட்டிங்னா என்ன? சாதாரண ரவுட்டிங்ல இருந்து எதுல மாறுது?

சாதாரண ரவுட்டிங்கில் ரவுட்டர் பாக்கெட்டிடம் (நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டிடம்) கேட்பது ஒன்றே ஒன்று: நீ எங்கே போகிறாய்? யார் அனுப்பியது, எந்தச் சேவைக்கான போர்ட் எண், எந்த இன்டர்ஃபேஸ் (ரவுட்டரின் இணைப்பு) வழியாக உள்ளே வந்தது என்பதெல்லாம் அதற்குத் தேவையில்லை. அதனால் கணக்குப் பிரிவும் பயிற்சி அறையும் ஒரே வெளி சர்வருக்குப் போனால் இரண்டும் ஒரே லைனில்தான் போகும்.

பாலிசி ரவுட்டிங், அனுப்பியவரின் முகவரி, போர்ட், வந்து சேர்ந்த இன்டர்ஃபேஸ் போன்றவற்றைப் பார்த்து வழி சொல்ல இடம் கொடுக்கிறது. நம் அமைப்பில் விதி இவ்வளவுதான்: 192.168.20.0/24-இல் இருந்து வந்தால் 198.51.100.1-க்கு அனுப்பு.

பாலிசி ஒரு வழி சொல்லுது, ரவுட்டிங் டேபிள் வேற வழி சொல்லுது. எது ஜெயிக்கும்? பாலிசிக்கு அட்மின் டிஸ்டன்ஸ் எவ்வளவு?

பாலிசிக்கு அட்மின் டிஸ்டன்ஸே கிடையாது. சிஸ்கோவில் நேரடி ரூட்டுக்கு 0, ஸ்டாட்டிக்குக்கு 1, ஓஎஸ்பிஎஃப்-க்கு (ரவுட்டர்கள் தங்களுக்குள் வழிகளைப் பகிரும் ஒரு முறை) 110 என்று எண்கள் இருக்கின்றன. அவை ஒரே இலக்குக்கு இரண்டு வழி கிடைத்தால் எதை டேபிளில் ஏற்றுவது என்று முடிவு செய்ய மட்டுமே. பாலிசி அந்த டேபிளுக்குள் நுழைவதே இல்லை. பாக்கெட் டேபிளைத் தொடுவதற்கு முன்பே பாலிசி அதைப் பார்த்துவிடுகிறது.

ஆகவே "எது ஜெயிக்கும்" என்று கேட்பதைவிட "எது முதலில் பார்க்கும், அது கைவிட்டால் அடுத்து யார் பார்ப்பார்கள்" என்று கேளுங்கள். கீழே வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை அந்த வரிசையைத் தெரிந்துகொண்டாலே அவிழ்ந்துவிடும்.

பாலிசி போட்டதுல இருந்து பயிற்சி அறையில நெட் நல்லா ஓடுது, ஆனா நம்ம சர்வரே கிடைக்கல. ஏன்?

அதிகம் பேர் கேட்டது இதைத்தான். 192.168.20.15 என்ற கணினியில் இருந்து 192.168.30.5 என்ற சர்வருக்குப் போகும் ஒரு பாக்கெட்டைப் பின்தொடருங்கள். பயிற்சி அறை இன்டர்ஃபேஸில் நுழைகிறது. விதி பார்க்கிறது: அனுப்பியவர் 192.168.20.0/24, பொருந்துகிறது, 198.51.100.1-க்கு அனுப்பு. முடிந்தது. போகுமிடம் அதே ரவுட்டரின் அடுத்த போர்ட்டில் இருக்கிறதே என்று யாரும் பார்க்கவில்லை. சர்வருக்கான நேரடி ரூட் டேபிளில் பத்திரமாக இருக்கிறது. அதனிடம் யாரும் கேட்கவே இல்லை. பாக்கெட் பிராட்பேண்ட் கம்பெனி வரை போய், தனியார் முகவரி என்பதால் அங்கே தூக்கி எறியப்படுகிறது. பயிற்சி அறைக் கணினியில் டிரேஸ்ரவுட் (பாதையில் உள்ள ரவுட்டர்களை வரிசையாகக் காட்டும் கட்டளை) ஓட்டினால், உள்ளூர் சர்வருக்கான பாதையில் இரண்டாவது வரியாகப் பிராட்பேண்ட் கேட்வே வந்து நிற்கும். அதைப் பார்த்தாலே நோய் புரிந்துவிடும். சர்வரில் இருந்து பயிற்சி அறைக்குப் பிங் அடித்தாலும் இதே கதை: கேள்வி ஒழுங்காகப் போய்ச் சேரும், பதில் வேறு ஊருக்குப் போய்விடும்.

மருந்து: விதிவிலக்கை முதலில் எழுதுங்கள், விதியை அப்புறம் எழுதுங்கள். சிஸ்கோவில் ரூட்-மேப் (பாலிசி விதிகளின் எண்ணிட்ட பட்டியல்) பார்க்கும் ஆக்சஸ் லிஸ்ட்டின் (எந்தப் பாக்கெட் பொருந்தும் என்று சொல்லும் பட்டியல்) முதல் வரியில், 192.168.20.0/24-இல் இருந்து உள் நெட்வொர்க்குகளுக்குப் போவதை டினை செய்யுங்கள் (இங்கே தடுப்பது அல்ல, பாலிசியில் இருந்து விலக்குவது). பெர்மிட் வரி அதற்குக் கீழே வரட்டும். மைக்ரோடிக் ரவுட்டரில், மாங்கிள் ப்ரீரவுட்டிங்கில் (வழி முடிவாகும் முன் பாக்கெட்டுக்கு அடையாளம் போடும் இடம்) மார்க் போடும் வரிக்கு மேலே, உள் முகவரிகளுக்கு ஒரு அக்செப்ட் வரி போடுங்கள். லினக்ஸுக்கு இன்னும் அழகான வழி இருக்கிறது. கீழே தனிக் கேள்வியாக வருகிறது.

விதிவிலக்கில் 192.168.30.0/24 என்று மட்டும் எழுதாமல் 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16 மூன்றையும் ஒரே பட்டியலாக வைப்பதையே நான் சொல்வேன். ஆறு மாதம் கழித்து கிளை அலுவலகத்துக்கு விபிஎன் போடும்போது இந்தப் பாலிசி யாருக்கும் நினைவிருக்காது.

லாங்கஸ்ட் மேட்ச்தானே எப்பவும் முதல்ல? அது எப்படிப் பொய்யாகும்?

பொய்யாகவில்லை. ஒரு டேபிளுக்குள் தேடும்போது நீளமான பிரிஃபிக்ஸ்தான், அதாவது சாய்கோட்டுக்குப் பின் பெரிய எண் உள்ள குறிப்பான ரூட்தான் எடுக்கப்படும். ஆனால் அந்த விதி ஒரு டேபிளுக்குள் மட்டுமே செல்லுபடியாகும். பயிற்சி அறை பாக்கெட்டை ஒரே ஒரு டீஃபால்ட் ரூட் இருக்கும் தனி டேபிளுக்கு அனுப்பினால், அங்கே 0.0.0.0/0 தான் இருப்பதிலேயே நீளமான பொருத்தம். மெயின் டேபிளில் /24 இருப்பதோ /32 இருப்பதோ அதற்குத் தெரியாது.

எந்த விதியிலும் மாட்டாத பாக்கெட் டிராப் ஆயிடுமா?

ஆகாது. சாதாரண ரவுட்டிங் டேபிளுக்குப் போகும். ஆக்சஸ் லிஸ்ட்டின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு டினை உண்டு என்று படித்தவர்கள் இங்கே பயந்துவிடுகிறார்கள். ஃபயர்வாலில் டினை என்றால் தடு. பாலிசியில் டினை என்றால் "இது என் வேலை இல்லை" என்பது மட்டுமே.

சிஸ்கோவில் ஒரு நுணுக்கம் உண்டு. ஆக்சஸ் லிஸ்ட்டில் டினை ஆனால், பாக்கெட் ரூட்-மேப்பின் அடுத்த எண்ணுக்குப் போகும். ரூட்-மேப்பின் வரியே டினை வகையாக இருந்து பாக்கெட் அதில் பொருந்தினால், அடுத்த எண்களைப் பார்க்காமல் நேராக ரவுட்டிங் டேபிளுக்குப் போகும். ரூட்-மேப்பில் பல எண்கள் இருக்கும்போது இந்த வித்தியாசம் முக்கியம்.

செட் ஐபி நெக்ஸ்ட்-ஹாப், செட் ஐபி டீஃபால்ட் நெக்ஸ்ட்-ஹாப், ரெண்டும் ஒண்ணுதானே?

இரண்டும் சிஸ்கோ கட்டளைகள்; நெக்ஸ்ட்-ஹாப் என்றால் பாக்கெட்டை அடுத்து ஒப்படைக்கும் முகவரி. ஒரு சொல்தான் கூடுதல், வரிசையே தலைகீழாகிறது. முதலாவது, ரவுட்டிங் டேபிளைப் பார்க்காமலேயே அனுப்பிவிடும். இரண்டாவது, டேபிளை முதலில் பார்க்கும். அந்த இலக்குக்கென்று குறிப்பான ரூட் இருந்தால் அதன்படி போகும். இல்லாவிட்டால்தான் பாலிசி சொன்ன வழி. டேபிளில் இருக்கும் டீஃபால்ட் ரூட் இங்கே குறிப்பான ரூட்டாகக் கருதப்படாது.

நம் அமைப்புக்கு இரண்டாவதே பொருத்தம். சர்வர்களுக்கு நேரடி ரூட் இருப்பதால் அது தானாகவே உள்ளேயே போய்விடும். மேலே சொன்ன விதிவிலக்குப் பட்டியலே தேவைப்படாது. ஆனால் பிஜிபி (இன்டர்நெட் கம்பெனிகள் வழிகளை அறிவிக்கும் முறை) வழியாக முழு இன்டர்நெட் டேபிளையும் வாங்கும் ரவுட்டரில் இதைப் போட்டால், ஏறக்குறைய எல்லா இலக்குக்கும் குறிப்பான ரூட் இருக்கும். பாலிசி எழுதியும் எழுதாதது போலவே இருக்கும்.

லினக்ஸ்ல ஐபி ரூல் பார்த்தா 0, 32766, 32767ன்னு மூணு வரி இருக்கு. நான் எங்க சேர்க்கணும்?

அந்த எண்கள் முன்னுரிமை. சின்ன எண் முதலில் பார்க்கப்படும். 0-ஆவது வரி லோக்கல் டேபிளைப் பார்க்கிறது. ரவுட்டரின் சொந்த முகவரிகள் அங்கே இருப்பதால், உங்கள் விதி எப்படி இருந்தாலும் ரவுட்டரையே தேடி வரும் பாக்கெட் வழிதவறாது. 32766 மெயின் டேபிள், நாம் வழக்கமாகப் பார்க்கும் ரூட்கள் அதில்தான். 32767 பெரும்பாலும் காலியாகவே கிடக்கும் டீஃபால்ட் டேபிள். உங்கள் விதி 0-க்கும் 32766-க்கும் நடுவில் வர வேண்டும். எண் கொடுக்காமல் சேர்த்தால் கர்னலே (லினக்ஸின் மையப் பகுதி) 32765, 32764 என்று பட்டியலில் மேல்நோக்கிப் போட்டுக்கொள்ளும். எண்ணை நீங்களே கொடுப்பது நல்லது.

ஒரு டேபிளில் தேடி ரூட் கிடைக்காவிட்டால் கர்னல் அடுத்த விதிக்கு நகரும். இதை வைத்துத்தான் அந்த அழகான வழி. 1000-ஆவது எண்ணில் "மெயின் டேபிளைப் பார், ஆனால் சப்ரஸ் பிரிஃபிக்ஸ்லெங்த் 0" என்று ஒரு விதி, 1010-இல் "192.168.20.0/24-இல் இருந்து வந்தால் 200-ஆவது டேபிள்" (198.51.100.1-ஐ நோக்கிய டீஃபால்ட் ரூட் இருக்கும் தனி டேபிள்). முதல் விதி மெயின் டேபிளில் டீஃபால்ட் ரூட்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஏற்கும். சர்வர், கிளை அலுவலகம் எல்லாம் அங்கேயே முடிந்துவிடும். இன்டர்நெட்டுக்குப் போவது மட்டும் கீழே இறங்கி 200-ஆவது டேபிளுக்கு வரும். வயர்கார்டு என்ற விபிஎன்னின் டனலை ஏற்றும் டபிள்யூஜி-குவிக், எல்லாப் போக்குவரத்தையும் டனலில் விடும்போது இதையேதான் செய்கிறது. நாளை புதிதாக ஒரு வீலேன் (தனி உள் நெட்வொர்க்) சேர்த்தாலும் விதியைத் தொட வேண்டாம்.

பிராட்பேண்ட் செத்துப்போனா பயிற்சி அறை தானா லீஸ்டு லைனுக்கு மாறுமா?

எப்படிச் செத்தது என்பதைப் பொறுத்தது. ரவுட்டரின் போர்ட்டே டவுன் ஆனால் நெக்ஸ்ட்-ஹாப் செல்லாது. பாக்கெட் சாதாரண டேபிளுக்கு விழும், லீஸ்டு லைனில் போகும். ஆனால் நிஜத்தில் அப்படிச் சாவது குறைவு. ரவுட்டருக்கும் சுவரில் இருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் நடுவில் உள்ள ஈதர்நெட் கேபிள் பச்சை விளக்கோடு உயிரோடு இருக்கும். தெருவில்தான் ஃபைபர் அறுந்திருக்கும். ரவுட்டருக்கு அது தெரியாது. பயிற்சி அறையின் பாக்கெட்களைக் குழியில் கொட்டிக்கொண்டே இருக்கும்.

அதனால் கண்காணிப்பு அவசியம். சிஸ்கோவில் ஐபி எஸ்எல்ஏ-வும் டிராக்கும் (லைனைச் சோதித்து அதன் நிலையைச் சொல்லும் வசதிகள்) வைத்து, வெரிஃபை-அவெய்லபிலிட்டியோடு நெக்ஸ்ட்-ஹாப்பை எழுதுங்கள். மைக்ரோடிக்கில் செக்-கேட்வே பிங் இருக்கிறது. ஆனால் அது கேட்வே வரைதான் பார்க்கும், கேட்வேக்கு அந்தப் பக்கம் அறுந்தால் கண்டுபிடிக்காது. வெளியே தூரமான ஒரு முகவரிக்குப் பிங் அடிப்பதே நம்பகமானது. அந்தப் பிங்கிலும் ஒரு பொறி இருக்கிறது. அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

சிலருக்கு மாறவே கூடாது. விபிஎன் அறுந்தால் பாக்கெட் வெளியே போகாமல் நிற்க வேண்டும் என்பார்கள். அப்போது லினக்ஸில் அந்தத் தனி டேபிளிலேயே, பெரிய மெட்ரிக்கோடு (கடைசித் தேர்வாக) ஒரு அன்ரீச்சபிள் ("வழி இல்லை" என்று சொல்லும்) டீஃபால்ட் ரூட் வையுங்கள். மைக்ரோடிக்கின் ரவுட்டிங் ரூலில் லுக்கப்-ஒன்லி-இன்-டேபிள் இதற்காகவே இருக்கிறது.

ரவுட்டர்ல இருந்தே பிங் பண்ணா பழைய லைன்லதான் போகுது. பாலிசி வேலை செய்யலையா?

வேலை செய்கிறது, நீங்கள் சோதித்த இடம்தான் தப்பு. சிஸ்கோவில் பாலிசி, ஒரு இன்டர்ஃபேஸில் உள்ளே வரும் பாக்கெட்டுக்குத்தான். ரவுட்டரே உருவாக்கும் பாக்கெட் எந்த இன்டர்ஃபேஸிலும் உள்ளே வருவதில்லை. அதற்கும் வேண்டுமென்றால் ஐபி லோக்கல் பாலிசி என்று தனிக் கட்டளை இருக்கிறது. மைக்ரோடிக்கில் ப்ரீரவுட்டிங் சங்கிலிக்குப் பதில் அவுட்புட் சங்கிலி.

மேலே சொன்ன பொறி இங்கேதான். பிராட்பேண்ட் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ரவுட்டர் 8.8.8.8-க்குப் பிங் அடிக்கிறது என்று வையுங்கள். அது ரவுட்டரின் சொந்தப் பாக்கெட். டீஃபால்ட் ரூட் வழியாக லீஸ்டு லைனில் போய், பதிலும் வாங்கி வந்துவிடும். பிராட்பேண்ட் செத்துக் கிடக்க, கண்காணிப்பு மட்டும் "நலம்" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். சோதிக்கும் முகவரிக்கு 198.51.100.1 வழியாக ஒரு /32 ஸ்டாட்டிக் ரூட் போடுங்கள். அந்த ரூட் அலுவலகத்தில் எல்லோருக்கும் பொருந்தும் என்பதால், ஊழியர்கள் டிஎன்எஸ்-க்குப் பயன்படுத்தும் முகவரியைச் சோதனைக்கு எடுக்காதீர்கள். எடுத்தால், பிராட்பேண்ட் போகிறபோது கணக்குப் பிரிவின் டிஎன்எஸ்-உம் சேர்ந்து போகும்.

பிராட்பேண்ட் ஐபிக்கு போர்ட் ஃபார்வர்டு போட்டிருக்கேன். வெளியில இருந்து கனெக்ட் ஆகவே மாட்டேங்குது.

பாலிசி போகும் வழியை மட்டும் தீர்மானிக்கிறது. வரும் வழியை அல்ல. வெளியில் இருந்து ஒரு பாக்கெட் பிராட்பேண்ட் வழியாக வந்து, போர்ட் ஃபார்வர்டால் (வெளி முகவரிக்கு வருவதை உள் சர்வருக்குத் திருப்பும் விதி) 192.168.30.5-க்குப் போகிறது. சர்வர் பதில் அனுப்புகிறது. சர்வர் நெட்வொர்க்குக்குப் பாலிசி இல்லை, ஆகவே பதில் டீஃபால்ட் ரூட்டில், லீஸ்டு லைனில் கிளம்புகிறது. பிராட்பேண்டின் முகவரியைச் சுமந்துகொண்டு லீஸ்டு லைனில் போகும் பாக்கெட்டை அந்தக் கம்பெனி தடுக்க எல்லா நியாயமும் உண்டு. போலி முகவரிப் பாக்கெட்களை நுழைவிலேயே தடுக்கச் சொல்லும் ஆர்எஃப்சி 2827 என்ற இணைய ஆவணம், 2000-ஆம் ஆண்டில் இருந்தே இருக்கிறது.

தீர்வு, கனெக்ஷனை நினைவில் வைப்பது. பிராட்பேண்டில் நுழைந்த புதிய கனெக்ஷனுக்கு ஒரு கனெக்ஷன் மார்க். அதே கனெக்ஷனின் பதில் சர்வர் பக்கத்தில் இருந்து வரும்போது, அந்த மார்க்கைப் பார்த்து ரவுட்டிங் மார்க். லினக்ஸ், மைக்ரோடிக் இரண்டிலும் இது முடியும்.

லினக்ஸில் இன்னொரு தடையும் வரலாம்: ஆர்பி ஃபில்டர். அதன் மதிப்பு 1 என்றால், அனுப்பியவருக்குத் திரும்பிப் போகும் சிறந்த வழி அதே இன்டர்ஃபேஸாக இல்லாத பாக்கெட் சத்தமில்லாமல் டிராப் ஆகும். இரண்டு லைன் ரவுட்டரில் 2 வையுங்கள். எல்லா இன்டர்ஃபேஸுக்குமான பொது மதிப்பு, தனி மதிப்பு இரண்டில் பெரியதே செல்லும் என்பதால், தனி மதிப்பில் மட்டும் 0 வைத்துவிட்டுப் பொதுவை 1-இல் விட்டால் பயனில்லை.

பாலிசியில எந்த ஐபி எழுதணும்? நேட்டுக்கு முன்னாடி இருக்கறதா, பின்னாடி வர்றதா?

உள்ளிருந்து வெளியே போகும்போது வழி முடிவான பிறகே சோர்ஸ் நேட் (அனுப்புபவரின் உள் முகவரியை வெளி முகவரியாக மாற்றுவது) நடக்கிறது. சிஸ்கோவிலும் லினக்ஸிலும் இதுதான் வரிசை. ஆகவே 192.168.20.0/24 என்றே எழுதுங்கள். நேட் விதியையும் வெளியேறும் இன்டர்ஃபேஸைப் பார்த்து எழுத வேண்டும். இல்லாவிட்டால் பிராட்பேண்டில் லீஸ்டு லைனின் முகவரி போய், முந்தைய பதிலில் சொன்ன கதி நேரும்.

லைன் மாறும்போது ஏற்கெனவே ஓடும் கனெக்ஷன்கள் பழைய நேட் முகவரியையே பிடித்துக்கொண்டிருக்கும். புதிய பக்கங்கள் திறக்கும், பழைய ஆன்லைன் அழைப்பு மட்டும் ஊமையாக நிற்கும். கனெக்ஷன் டேபிளை ஒருமுறை காலி செய்தால் சரியாகும்.

மைக்ரோடிக்ல மார்க் சரியா போட்டிருக்கேன். முதல்ல ஒழுங்கா போகுது, அப்புறம் லைன் மாறிடுது.

ஃபயர்வால் ஃபில்டரில் ஃபாஸ்ட்டிராக் வரி இருக்கிறதா பாருங்கள். வீட்டு உபயோக மாடல்களின் ஆரம்ப அமைப்பிலேயே அது வரும். ஃபாஸ்ட்டிராக்கில் ஏறிய கனெக்ஷனின் பாக்கெட்கள் மாங்கிளைத் தாண்டிப் போய்விடும், மார்க் விழாது, மெயின் டேபிள் வழியே போகும். மார்க் போட்ட கனெக்ஷன்களை ஃபாஸ்ட்டிராக்கில் இருந்து விலக்குங்கள். ரவுட்டர்ஓஎஸ் 7-இல் டேபிளை முதலில் தனியாக உருவாக்கிய பிறகுதான் மார்க்கில் அதன் பெயரைக் கொடுக்க முடியும் என்பதையும் பழைய பதிப்பில் இருந்து வருபவர்கள் கவனியுங்கள்.

உள்ள ஓஎஸ்பிஎஃப் ஓடுது. நான் ஒரு ரவுட்டர்ல பாலிசி போட்டா மத்த ரவுட்டர்களுக்குத் தெரியுமா?

தெரியாது. பாலிசி அந்த ஒரு ரவுட்டரின் சொந்த விஷயம்; எந்த ரவுட்டிங் புரோட்டோகாலும் அதை அறிவிப்பதில்லை. இரண்டு ரவுட்டர் இருக்கிறது, முதலாவதில் லீஸ்டு லைன், இரண்டாவதில் பிராட்பேண்ட் என்று வையுங்கள். முதலாவதின் பாலிசி பயிற்சி அறைப் பாக்கெட்டை இரண்டாவதுக்குத் தள்ளுகிறது. இரண்டாவதின் டேபிளிலோ டீஃபால்ட் ரூட் முதலாவதைக் காட்டுகிறது. பாக்கெட் திரும்பி வருகிறது. முதலாவதில் பாலிசி பயிற்சி அறை இன்டர்ஃபேஸில் மட்டும் இருந்தால், திரும்பி வந்த பாக்கெட் சாதாரண டேபிளின்படி லீஸ்டு லைனில் போய்விடும்: நெட் ஓடும், பாலிசி பலிக்காது, காரணமும் புரியாது. இரண்டு ரவுட்டர்களுக்கு நடுவிலுள்ள இன்டர்ஃபேஸிலும் அதே பாலிசியைக் கட்டியிருந்தால், டிடிஎல் (பாக்கெட் எத்தனை ரவுட்டர்களைத் தாண்டலாம் என்ற வரம்பு) தீரும்வரை பாக்கெட் இரண்டுக்கும் நடுவே சுற்றும்.

பாலிசி ஒரு ரவுட்டரைத் தாண்டிப் போகிறது என்றால் பாதையில் உள்ள ஒவ்வொரு ரவுட்டரிலும் அதே முடிவு வர வேண்டும். மூன்று, நான்கு ரவுட்டர் என்று நீண்டால் பாலிசியை விட்டுவிட்டு, பயிற்சி அறைக்குத் தனி விஆர்எஃப் (ஒரே ரவுட்டருக்குள் பிரித்து வைத்த தனி ரவுட்டிங் டேபிள்) அல்லது வெளியேறும் ரவுட்டர் வரை ஒரு டனல் போடுவதே மேல்.

ஷோ ஐபி ரூட்ல எதுவுமே தெரியலையே. எப்படிச் சரிபார்க்கறது?

தெரியாது, அது டேபிளில் இல்லை என்றுதான் ஆரம்பத்திலேயே பார்த்தோம். சிஸ்கோவில் ஷோ ரூட்-மேப் போட்டால் ஒவ்வொரு வரியிலும் எத்தனை பாக்கெட் பொருந்தியது என்ற கணக்கு வரும். பயிற்சி அறையில் இருந்து பிங் அடித்துவிட்டு அந்த எண் ஏறுகிறதா பாருங்கள். லினக்ஸில் ஐபி ரூட் கெட் கட்டளைக்கு இலக்கை மட்டும் கொடுக்காமல், அனுப்பியவர் முகவரி, உள்ளே வரும் இன்டர்ஃபேஸ், மார்க் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். இலக்கை மட்டும் கொடுத்தால் ரவுட்டரின் சொந்தப் பாக்கெட்டுக்கான பதில்தான் வரும்.

எல்லாம் சரியா இருக்கு, ஆனா யூடியூப் மட்டும் இன்னும் லீஸ்டு லைன்லயே போகுது.

ஐபிவி6 ஓடுகிறதா பாருங்கள். நீங்கள் எழுதியதெல்லாம் ஐபிவி4-க்கு, அதாவது 192.168.20.15 போன்ற பழைய வகை முகவரிகளுக்கு. லினக்ஸில் ஐபிவி6-க்கு விதிப் பட்டியலே வேறு. சிஸ்கோவிலும் ஐபிவி6 பாலிசி தனியாக இன்டர்ஃபேஸில் கட்டப்பட வேண்டும். இரண்டும் கிடைக்கும்போது பிரவுசர்கள் பொதுவாக ஐபிவி6-ஐயே முதலில் எடுக்கும். ஐபிவி6 உள்ள பெரிய தளங்களெல்லாம் பழைய டீஃபால்ட் வழியில் போய்க்கொண்டிருக்கும்.

ஐபிவி6-இல் பாலிசிக்கு இன்னொரு வேலையும் உண்டு. வழக்கமாக அங்கே நேட் இல்லை. ஒவ்வொரு கம்பெனியும் தன் பிரிஃபிக்ஸைக் கொடுக்கும், கணினி அதிலிருந்தே முகவரி எடுத்துக்கொள்ளும். பிராட்பேண்ட் பிரிஃபிக்ஸில் இருந்து கிளம்பும் பாக்கெட் பிராட்பேண்டிலேயே போக வேண்டும். மாறிப் போனால் போர்ட் ஃபார்வர்டு கேள்வியில் பார்த்த அதே தடுப்பு. எனவே பயிற்சி அறையில் பிராட்பேண்ட் பிரிஃபிக்ஸை மட்டும் அறிவியுங்கள், "இந்தப் பிரிஃபிக்ஸில் இருந்து வந்தால் இந்த லைன்" என்று சோர்ஸ் விதி எழுதுங்கள், உள் பிரிஃபிக்ஸ்களுக்கான விதிவிலக்கை இங்கேயும் அதற்கு மேலே வையுங்கள்.